கீழக்கொத்தூர் வழியாகப் போன பெஞ்சு

ஜூன் மாதத்து மூன்றாவது செவ்வாய்க்கிழமை, இரண்டாவது பீரியட் முடிந்து மூன்றாவது பீரியட் தொடங்கும் முன்பு, கீழக்கொத்தூர் மேல்நிலைப் பள்ளியின் பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவில் யாரும் கொண்டுவராத ஒரு பெஞ்சு வந்து நின்றது. பின்சுவரை ஒட்டி, மற்ற பெஞ்சுகளிலிருந்து நான்கடி தள்ளி, கறுத்த மரத்தில், ஒரே ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு நின்றது. பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள், பார்த்துவிட்டு அறிவியல் நோட்டை எடுத்தார்கள். அரசுப் பள்ளியில் ஒரு சாமான் காணாமல் போனால்தான் விசாரணை உண்டு, கூடுதலாக ஒன்று வந்து சேர்ந்தால் அதைக் கேட்க எந்தப் படிவமும் கிடையாது என்பதால், தலைமையாசிரியர் தணிகாசலமும் வந்து, விரலால் தட்டிப் பார்த்து, “நல்ல மரமா இருக்கே” என்று சொல்லிவிட்டு போன் அடிக்கிறது என்று போய்விட்டார்.

சமூக அறிவியல் டீச்சர் மங்கையர்க்கரசி மட்டும் வகுப்பு வாசலிலேயே நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இரண்டாவது பீரியடை நடத்தியவர் அவர்தான். பதினான்கு வருஷமாக ஜூன் மாதத்தில் எந்த இடத்தில் என்ன சொல்வாரோ அதைத்தான் அன்றும் சொன்னார். ஜெர்மனிப் பாடத்தில் யூதர்களைப் பற்றி அரைப் பக்கம் இருந்தது. அவர்களை ஐரோப்பா எத்தனை நூற்றாண்டாக வெறுத்தது, கடைசியில் அறுபது லட்சம் பேரை எப்படிக் கொன்றது என்று அந்த அரைப் பக்கம் சொன்னது. “இது பப்ளிக்ல வராது, பென்சிலால அடிச்சுக்கோங்க” என்றார். நாற்பத்திரண்டு ஸ்கேல்கள் நாற்பத்திரண்டு புத்தகங்களில் விழுந்து, நாற்பத்திரண்டு கோடுகள் இழுபட்டன. அவர் கெட்ட டீச்சர் இல்லை. நல்ல டீச்சர் என்பதுதான் சங்கடம். ஒன்பது வருஷமாக அவர் பாடத்தில் ஒரு பிள்ளைகூடத் தோற்றதில்லை, அதற்காக மாவட்டத்தில் கூப்பிட்டு மூன்று முறை பொன்னாடை போர்த்தியிருக்கிறார்கள்.

பெஞ்சின் முதுகில் ஒரு தகரப் பட்டை அறையப்பட்டிருந்தது, அதில் புரியாத எழுத்து. தமிழய்யா செங்குட்டுவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, இது பல்லவர் காலத்துக்குப் பிந்தியது என்று அடித்துச் சொன்னார். அறிவியல் டீச்சர் ஜரீனா தன் போனை அதன் முன் நீட்டினார், போன் கொஞ்சம் யோசித்து, இது ஜெர்மன் என்று சொல்லி, ‘யூதருக்கு மட்டும்’ என்று தமிழில் காட்டியது. கீழக்கொத்தூரில் யூதர் ஒருவரும் இல்லை, எந்தக் காலத்திலும் இருந்ததில்லை, ஆகவே அது யாருக்கும் உரிய பெஞ்சு இல்லை, ஆகவே அதனால் யாருக்கும் தொந்தரவும் இல்லை என்று ஊழியர் அறையில் எல்லோரும் நிம்மதியாக டீ குடித்தார்கள்.

அந்த டீ நேரத்தில்தான் உடற்கல்வி ஆசிரியர் இஸ்ரவேல் ஒரு கால்பந்து காணாமல் போன கதையை எடுத்தார். ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் இலங்கை அகதிகள் முகாம் இருக்கிறது, ஊர் வாயில் அது கேம்ப். “கேம்ப் பசங்கதான் எடுத்திருப்பானுங்க. அந்த ஆளுங்களே அப்படித்தான், டீச்சர்” என்றார் இஸ்ரவேல். நான்கு பேர் தலையாட்டினார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் ஈரப் பலகை இழுபடுவதுபோல் ஒரு சத்தம் கேட்டது. மங்கையர்க்கரசி எழுந்து போய்ப் பார்த்தார். பெஞ்சில் இப்போது இரண்டு பேர் உட்காரலாம்.

அதற்குப் பிறகு அது வளர்ந்த வேகத்தை என்னென்று சொல்வது. ஒரு கூட்டத்தை ஒரே மூட்டையாகக் கட்டி, அவங்க எப்பவுமே அப்படித்தான் என்று ஊரில் யார் சொன்னாலும், ரேஷன் கடை வரிசையில் சொன்னாலும், கல்யாணப் பந்தியில் சொன்னாலும், ஆஸ்பத்திரி வாசலில் சொன்னாலும், பள்ளிக்கூடத்துப் பெஞ்சு ஒரு ஆள் அளவு நீண்டது. அப்படிச் சொல்லாமல் ஒரு ஊரில் எத்தனை நாள் கழியும், அதனால் ஒரே வாரத்தில் அது பின்சுவரை நோகாமல் துளைத்துக்கொண்டு விளையாட்டு மைதானத்துக்கு வந்தது, மைதானத்தைத் தாண்டிக் காம்பவுண்டுக்குள் நுழைந்து மறுபுறம் வந்தது, ரோட்டை ஒரு பாலம்போல் எகிறிக் கடந்து, பஸ் நிறுத்தத்துப் பக்கம் இறங்கி, டீக்கடையை ஒட்டி, அரிசி ஆலையை ஒட்டி, வளைவு நெளிவு இல்லாமல் ஏரிக்கரையை நோக்கிப் போனது.

ஊர் அதற்கு ஒரு கும்பிடு போட்டு ஏற்றுக்கொண்டது. பஸ்ஸுக்கு நிற்பவர்கள் உட்கார்ந்தார்கள். பெண்கள் மிளகாயும் வடகமும் காயவைத்தார்கள், அதனால் அந்த வருஷம் கீழக்கொத்தூர் வடகத்தில் கோழி வாய் வைக்கவில்லை. டீக்கடைக்காரர் தன் பழைய ஸ்டூல்களை எடுத்து உள்ளே போட்டார். இரண்டு கட்சிகள் தங்கள் தங்கள் நிறத்தை அடித்துப் பார்த்தன, பெயிண்ட் பிடிக்கவில்லை. அமாவாசைக்கு யாரோ எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டித் தொங்கவிட்டார்கள். தாலுகா ஆபீசிலிருந்து ஒருவர் வந்து அளந்து, இது ஆக்கிரமிப்பா இல்லையா என்று மேலே எழுதிக் கேட்டிருக்கிறேன் என்று சொல்லிவிட்டு, அதிலேயே உட்கார்ந்து இளநீர் குடித்துவிட்டுப் போனார். இப்படித் தாமாகப் போய் உட்கார்ந்தவர் யாருக்கும் எந்தக் கெடுதலும் வரவில்லை.

கெடுதல் வந்தது மாசிலாமணிக்கு. ‘ஆ’ பிரிவின் மகா வாயாடி அவன். ஜூலை முதல் வாரம் இஸ்ரவேல் சார் அவனைப் பிடித்து, “உன் இடம் அங்கதான், போய் உட்காரு” என்று பெஞ்சைக் காட்டினார். அவன் சிரித்துக்கொண்டே போய் உட்கார்ந்தான். அடுத்த பீரியட் கணக்கு வாத்தியார் கோமதிநாயகம் வருகை எடுத்தார், மாசிலாமணி மூன்று முறை உள்ளேன் ஐயா என்றான், அவர் மூன்று முறையும் நிமிர்ந்து பார்த்துவிட்டு ஆப்சென்ட் போட்டார். அவன் எழுந்து வீட்டுக்குப் போன பிறகும் அது விடவில்லை. சோறு கேட்டான், அம்மாவுக்குக் கேட்கவில்லை. வாய் அசைவது தெரிந்தது, குரல் வந்து சேரவில்லை. வாயாடிப் பயல் அடங்கினான் என்று முதல் நாள் அவள் சந்தோஷப்பட்டாள், மூன்றாம் நாள் பள்ளி வாசலில் வந்து உட்கார்ந்து அழுதாள். ஏழு நாள் கழித்துத்தான் அவன் குரல் திரும்பியது, அதுவும் பாதிதான். உன் இடம் இதுதான் என்று இன்னொருவர் சொல்லி உட்காரவைத்தால் அந்தப் பெஞ்சு ஆளை அப்படியே விழுங்கிக்கொள்ளும் என்பது அப்போது தெரிந்தது. ஊர் அதையும் ஏற்றுக்கொண்டது. யாரும் யாரையும் அங்கே உட்காரச் சொல்லாமல் இருந்தால் போதுமே என்றது.

ஆனால் ஆவணி பிறப்பதற்குள் சொல்ல வேண்டிய நிலைமை வந்தது. கேம்ப்பை ஒட்டிய உயர்நிலைப் பள்ளியின் கட்டடம் மழையில் விரிசல் விட்டு, அதை மூடும்படி உத்தரவு வந்தது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பதினெட்டுப் பேர் ஆகஸ்ட் பதினாறாம் தேதி கீழக்கொத்தூருக்கு, ‘ஆ’ பிரிவுக்கு வருகிறார்கள். ‘ஆ’ பிரிவில் பதினான்கு பெஞ்சு, பெஞ்சுக்கு மூன்று பேர், எல்லாம் நிரம்பிவிட்டது. பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் வைரவன், அரிசி ஆலைக்காரர், கூட்டத்தில் எழுந்து நின்று மேல்துண்டைச் சரிசெய்தார்.

“பப்ளிக் எழுதுற புள்ளைங்களை நெருக்கி உட்கார வைக்கக் கூடாது. பின்னாடிதான் அவ்வளவு நீளம் சும்மா கிடக்கே. கேம்ப் புள்ளைங்க அங்க உட்காரட்டும். நாம ஒண்ணும் அவங்கள வேண்டாம்னு சொல்லலையே.”

“மாசிலாமணிக்கு ஆனது தெரியுமில்ல உங்களுக்கு” என்றார் மங்கையர்க்கரசி.

“அவன் பேசுற பய. இதுங்க எங்க பேசப் போகுதுங்க, டீச்சர்” என்றார் வைரவன். அவர் இதைக் கோபமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகச் சொன்னார். வெளியே ஏரிக்கரைப் பக்கம் பலகை இழுபடும் சத்தம் கேட்டது. தீர்மானம் நிறைவேறியது, தணிகாசலம் கையெழுத்துப் போட்டார்.

மங்கையர்க்கரசிக்கு அன்று வந்த கோபம் வைரவன் மேல் பாதிதான், மீதிப் பாதி தன் மேலேயே. அந்தப் பெஞ்சைக் கூப்பிட்டது நான்தான், அனுப்பிவைக்க வேண்டியதும் நான்தான், பதினெட்டுக் குரல் போக விடமாட்டேன் என்று அவர் முடிவெடுத்தார். முடிவெடுத்தால் எடுத்ததுதான், இருபது வருஷத்துக்கு முன் அப்பா சம்மதிக்காத கல்யாணத்தைப் பண்ணிக்கொண்டு, அந்த அப்பாவையே மறுவருஷம் தன் வீட்டில் கொண்டுவந்து வைத்துக்கொண்டவர் அவர். மறுநாளே வகுப்பில் ரப்பரை எடுக்கச் சொன்னார். நாற்பத்திரண்டு கோடுகளையும் அழிக்கவைத்தார். அந்த அரைப் பக்கத்தை மூன்று நாள் நடத்தினார். மூன்றாம் நாள் முடிவில் ஏரிக்கரைப் பக்கத்து முனை அரை முழம் பின்வாங்கியிருந்தது. மறுநாள் மதிய உணவு இடைவேளைக்குள் அது மறுபடி ஒரு முழம் போய்விட்டது.

ஏன் என்று அவர் தேடித் தேடிப் படித்தார். மாவட்ட நூலகத்தில் படித்தார், பஸ்ஸில் படித்தார், அடுப்பில் பால் பொங்கும்போது படித்தார். படிக்கப் படிக்கத்தான் அவருக்கு ஒன்று விளங்கியது. ஜெர்மனியில் அந்த வெறுப்பை வரலாற்று வாத்தியார் தனியாக நட்டு வளர்க்கவில்லை. கணக்கில் நட்டிருக்கிறார்கள், அறிவியலில் நட்டிருக்கிறார்கள், மொழிப் பாடத்தில், பாட்டில், படத்தில், விளையாட்டில் எல்லாவற்றிலும் நட்டிருக்கிறார்கள். எட்டுப் பீரியடும் சேர்ந்து செய்த பெஞ்சை ஒரு பீரியட் எப்படி அறுக்கும்.

அவர் முதலில் கோமதிநாயகத்திடம் போனார். கணக்கு வாத்தியார் பேனாவைக்கூட மூடவில்லை. “எனக்கு முக்கோணவியல் இன்னும் ஆரம்பிக்கலை, டீச்சர். போர்ஷன் யார் முடிப்பா? அதுவும் கணக்குக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? கணக்குல ஜாதி மதம் எதுவும் கிடையாது.”

மங்கையர்க்கரசி ஒரு தாளை அவர் முன் வைத்தார். அந்தக் காலத்து ஜெர்மன் பள்ளிக் கணக்கு ஒன்றைத் தமிழில் எழுதியிருந்தார். நாட்டின் மக்கள்தொகை இவ்வளவு, அதில் யூதர்கள் இவ்வளவு, அந்நியர்களின் சதவீதம் என்ன? கோமதிநாயகம் பழக்க தோஷத்தில் போட்டுப் பார்த்தார். போட்டு முடித்து விடையின் கீழே இரண்டு கோடு இழுத்தார். பிறகு கேள்வியை மறுபடி படித்தார், மறுபடியும் படித்தார்.

“விடை சரியா வருது” என்றார். “அந்நியர்னு யாரு சொன்னா? அதை எங்க நிரூபிச்சான்? நிரூபிக்காம கேள்விக்குள்ள ஒளிச்சு வெச்சிருக்கான், டீச்சர். பிள்ளை கணக்குப் போடுற அவசரத்துல அதை அப்படியே முழுங்கிடும்.” முப்பத்தொரு வருஷம் கணக்கு நடத்திய ஆளுக்குத் தன் வீட்டுக்குள் திருடன் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனதாகத் தெரிந்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது அவருக்கு. மறுநாள் முக்கோணவியலைத் தள்ளிவைத்துவிட்டு அந்தக் கணக்கைக் கரும்பலகையில் எழுதி, தப்பு விடையில் இல்லை, கேள்வியில் இருக்கிறது, கண்டுபிடியுங்கள் என்று பிள்ளைகளிடம் விட்டார். அப்புறம் நூறு பேரில் யூதர் ஒருவர்கூடத் தேறமாட்டார் என்று கணக்கிட வைத்து, அந்த முக்கால் ஆள்தான் நாட்டையே முழுங்குகிறான் என்று மீதிப் பேரை எப்படி நம்பவைத்தார்கள் என்று கேட்டார். அன்று மாலை பெஞ்சு ஏரிக்கரையிலிருந்து அரிசி ஆலை வரை பின்வாங்கியது.

ஜரீனா கேட்டவுடன் ஒப்புக்கொண்டார், அவருக்கு ஏற்கெனவே கை அரித்துக்கொண்டிருந்தது. கொள்ளை நோய் எப்படிப் பரவுகிறது என்று எலி, தெள்ளுப்பூச்சி, நுண்ணுயிர் எல்லாம் வரைந்து காட்டினார். அறுநூற்று எழுபது வருஷத்துக்கு முன் அது ஐரோப்பாவில் பரவியபோது, யூதர்கள்தான் கிணற்றில் விஷம் கலந்தார்கள் என்று சொல்லி அவர்களை ஊர் ஊராகக் கொளுத்தினார்கள், அதே நோயில் யூதர்களும் செத்துக்கொண்டிருந்ததை யாரும் பார்க்கவில்லை என்றார். மறுநாள் ஆளுக்கொரு நூலைக் கொடுத்து ஒருவர் மூக்கை ஒருவர் அளக்கச் சொன்னார். அளவுகளைப் பெயரில்லாமல் பலகையில் எழுதி, இதில் யார் எந்தத் தெரு, யார் எந்தச் சாமி, சொல்லுங்கள் பார்க்கலாம் என்றார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இதை ஆய்வு என்று சொல்லித்தான் ஜெர்மனியில் டாக்டர்கள் பிள்ளைகளை வகுப்பின் முன்னால் நிறுத்தி அளந்தார்கள் என்று அவர் சொன்னதும் சிரிப்பு நின்றது. பெஞ்சு டீக்கடையை விட்டது.

ஊருக்கு இது பிடிக்கவில்லை. வடகத்தை எங்கே காயவைப்பது என்று பெண்கள் கேட்டார்கள். டீக்கடைக்காரர் ஸ்டூலைத் தேடினார், ஒன்றுக்குக் கால் இல்லை. பஸ் நிறுத்தத்தில் நின்றவர்கள் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு, அந்த டீச்சருக்கு வேற வேலை இல்லை என்றார்கள். சும்மா வந்த ஒரு வசதி திரும்பிப் போகும்போது ஊருக்கு வருகிற கோபம் இருக்கிறதே, அது சொந்தச் சொத்து பறிபோனதற்கு வருகிற கோபத்தைவிடப் பெரியது.

மங்கையர்க்கரசி நிறுத்தவில்லை. தன் பாடத்தில் வரைபடத்தை எடுத்தார். இங்கிலாந்து துரத்தியது, ஸ்பெயின் துரத்தியது, துரத்தப்பட்டவர்கள் போன பாதைகளை எல்லாம் பிள்ளைகள் சிவப்பில் வரைந்தார்கள், ஒரு கோடு கொச்சி வரை வந்தது. அங்கே அரண்மனைக் கோயிலுக்கும் யூதர்கள் கோயிலுக்கும் ஒரே சுவர் என்று கேட்டுப் பிள்ளைகள் ஆச்சரியப்பட்டார்கள். தமிழய்யா செங்குட்டுவன் பெயர்களைப் பற்றிப் பேச ஒப்புக்கொண்டார். அவர் பாடம் நடத்திய அன்று இஸ்ரவேல் சார் வராந்தாவில் விசிலைச் சுழற்றிக்கொண்டு நின்றார்.

“ஒரு பெயரைக் கேட்ட உடனே இவர் யூதர் என்று தெரிந்துவிட வேண்டும் என்று ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டில் ஒரு ஆணை போட்டார்கள்” என்று உள்ளே செங்குட்டுவன் பிரசங்கக் குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். “பெயரைக் கேட்டுத் தெரியாவிட்டால் அதோடு இன்னொரு பெயரை ஒட்டிக்கொள்ள வேண்டும். பெண்ணாக இருந்தால் சாராள். ஆணாக இருந்தால் இஸ்ரவேல்.”

விசில் சுழல்வது நின்றது. வகுப்பு முடிந்த பிறகு இஸ்ரவேல் ஊழியர் அறைக்கு வந்து, உட்காராமல், மங்கையர்க்கரசியின் மேஜை அருகே நின்றார். “எங்கம்மா பேரு சாராள், டீச்சர்” என்றார். “எனக்குப் பேரு வெச்சது எங்க தாத்தா. ஞானஸ்நானம் கொடுத்த அன்னைக்கு ஊருக்கே சாப்பாடு போட்டாராம். இந்தப் பேரைக் கொண்டா ஒருத்தன உட்காரக் கூடாதுன்னு சொன்னாங்க?” விசிலை மேஜைமேல் வைத்தார். “மாசிலாமணியை நான்தான் அனுப்பினேன்” என்றார், அதைச் சொல்லும்போது அவர் கண் கலங்கிவிட்டது. மறுநாள் விளையாட்டுப் பீரியடில் அவர் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு, யூதப் பிள்ளைகளை நீச்சல் குளத்திலிருந்தும் விளையாட்டுக் கழகங்களிலிருந்தும் எப்படி ஒவ்வொன்றாக வெளியே அனுப்பினார்கள் என்று தனக்குத் தெரிந்த மட்டும் தடுமாறித் தடுமாறிச் சொன்னார். அன்று பெஞ்சு ரோட்டைத் தாண்டி, காம்பவுண்டைத் தாண்டி, மைதானத்தைத் தாண்டி, பின்சுவருக்குள் சரசரவென்று வந்துவிட்டது.

வந்து நின்றுவிட்டது. வகுப்பின் பின்சுவர் நெடுகவும், பிறகு பக்கச்சுவரோடு திரும்பியும் கிடந்த அது, அதற்கு மேல் ஒரு விரல்கூடக் குறையவில்லை. கோமதிநாயகம் டேப்பை வைத்து அளந்தார், ஆளுக்கு ஒன்றரை அடி என்று வகுத்தார், முகம் சுருங்கியது. “பதினெட்டுப் பேர், டீச்சர்” என்றார். “சரியா பதினெட்டு.”

செய்தி ஊருக்குள் போனது. பார்த்தீர்களா, பெஞ்சே அளவெடுத்து வைத்திருக்கிறது என்றார் வைரவன். மங்கையர்க்கரசிக்கு அழுகை வந்தது, கோபத்தில் வந்த அழுகை. அன்று ஆகஸ்ட் பதினான்கு. பழைய கதை எல்லாவற்றையும் நடத்தியாயிற்று, மீதி இருப்பது இந்த ஊரின் பங்கு, அதை எந்தப் புத்தகத்திலிருந்து நடத்துவது என்று அவருக்குத் தெரியவில்லை.

பதினாறாம் தேதி காலை பதினெட்டுப் பேரும் வந்தார்கள். முன்னால் வந்த பெண் நிரோஜினி, நெட்டையானவள், கேம்ப்பில் பிறந்து வளர்ந்தும் அம்மாவின் இலங்கைப் பேச்சை விடாதவள். தணிகாசலம் பின்னால் கையைக் காட்டும் முன்பே அவர்கள் பின்னால்தான் நடந்தார்கள், எங்கே போனாலும் அதுதான் வழக்கம் என்பதுபோல. நிரோஜினி பெஞ்சைத் தொடும் சமயத்தில் மங்கையர்க்கரசி, “உட்காராதீங்க” என்றார்.

“வேற இடம் இல்லையே, டீச்சர்” என்றார் தணிகாசலம்.

“இல்லைன்னா நிக்கட்டும், சார். நானும் நிக்கிறேன்.” அவர் தன் நாற்காலியைத் தூக்கி வராந்தாவில் வைத்துவிட்டு வந்து, பாடத்தைத் தொடங்கினார். போலந்து நாட்டுப் பல்கலைக்கழகங்களில் யூத மாணவர்களுக்குத் தனிப் பெஞ்சு ஒதுக்கியபோது, அவர்கள் அதில் உட்கார மறுத்து வகுப்பு முழுவதும் நின்றார்கள் என்று சொன்னார். அடி வாங்கியும் நின்றார்கள். அவர்களோடு சேர்ந்து வேறு சில மாணவர்களும் சில பேராசிரியர்களும் நின்றார்கள். இதைச் சொல்லி முடித்தபோது மூன்றாவது வரிசையில் மாசிலாமணி எழுந்து நின்றான். அவனைப் பார்த்து இன்னொருத்தி. மணி அடிக்கும்போது அறுபது பேரும் நின்றுகொண்டிருந்தார்கள், சிலர் மனதோடு, சிலர் பக்கத்தில் இருப்பவர் நின்றுவிட்டாரே என்று.

அடுத்த பீரியட் கோமதிநாயகம் வந்தார், பார்த்தார், அவரும் உட்காரவில்லை. இஸ்ரவேல், தரையில் உட்கார்ந்தால் என்ன என்று கேட்டார். “உட்கார்ந்தா பெஞ்சை மறந்துடுவோம், சார்” என்றார் மங்கையர்க்கரசி.

ஐந்து நாள் நின்றார்கள். நோட்டை ஒருவர் முதுகில் ஒருவர் வைத்து எழுதினார்கள். பெற்றோர்கள் வந்து ஜன்னலில் நின்று திட்டினார்கள், பிள்ளை காலுக்குத் தைலம் தேய்த்தே கை ஓய்ந்துபோனது என்றார்கள். வைரவன் தினமும் வந்தார், மாவட்டத்துக்கு எழுதுவேன் என்றார்; எழுதுங்கள் என்றார் மங்கையர்க்கரசி. அவருக்கே முழங்காலுக்குக் கீழே நரம்பு தெறித்தது. நான்காம் நாள் நிரோஜினி அவரிடம் மெதுவாகக் கேட்டாள்.

“இன்னும் எத்தினை நாள் நிக்கோணும், டீச்சர்?”

“வலிக்குதாம்மா?”

“எங்களுக்கு இல்லை. நாங்கள் நிண்டு பழகின ஆக்கள். இவையளுக்குத்தான் பாவம், கால் நோகுது.”

அதை முன்வரிசையில் நின்ற அங்கயற்கண்ணி கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் வைரவனின் மகள், முதல் நாள் கடைசியாக எழுந்தவள், அதுவும் எரிச்சலோடு எழுந்தவள். கேம்ப் ஆட்களைப் பற்றி வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் பேசும் எல்லாப் பேச்சையும் கேட்டு வளர்ந்தவள். மறுநாள் வெள்ளிக்கிழமை, மூன்றாவது பீரியட், மங்கையர்க்கரசி கரும்பலகைப் பக்கம் திரும்பி எழுதிக்கொண்டிருந்தபோது பின்னால் பெஞ்சு கிறீச்சிடும் சத்தம் கேட்டது. திரும்பினார். அங்கயற்கண்ணி முன்வரிசையில் தன் பழைய பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவள் அப்பா ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார்.

அவள் அப்பாவைப் பார்க்கவில்லை. பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் நான்காவது ஆளுக்கு இடம் கொடுக்கும்போது நம் ஊரில் எல்லாரும் செய்வதைத்தான் செய்தாள். இடுப்பை ஒரு பக்கம் ஒதுக்கி, பக்கத்தில் நின்ற இருவரையும் தொடையில் தட்டி உட்காரவைத்து, “கொஞ்சம் தள்ளிக்கோ, இன்னும் தள்ளு” என்றாள். பலகையில் ஒரு சாண் தெரிந்தது. அதைக் கையால் துடைத்தாள்.

“நிரோஜினி, வா. நாலு பேர் உட்காரலாம்.”

நிரோஜினி உடனே போகவில்லை. பின்னால் இருந்த பெஞ்சைப் பார்த்தாள், மங்கையர்க்கரசியைப் பார்த்தாள். இந்த ஒரு விஷயத்தில் தான் சொல்லி அவள் உட்காரக் கூடாது என்று மங்கையர்க்கரசி வாயை இறுக்கி மூடிக்கொண்டார். கடைசியில் அவள் தானாக நடந்து வந்து உட்கார்ந்தாள். அந்த நான்கு பேருக்கும் தோள் இடித்தது, முழங்கை இடித்தது, நோட்டை வைக்க இடம் போதவில்லை. பிறகு இரண்டாவது பெஞ்சில் தள்ளி உட்கார்ந்தார்கள், நான்காவதில் தள்ளி உட்கார்ந்தார்கள், மாசிலாமணி இருந்ததில் ஐந்து பேர் ஏறிக்கொண்டு சண்டை போட்டார்கள். பதினான்கு பெஞ்சில் அறுபது பேரும் அடங்கிவிட்டார்கள். இவ்வளவு நாளும் இடம் இருந்திருக்கிறது, யாரும் தள்ளி உட்காரவில்லை, அவ்வளவுதான்.

வைரவன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். பிறகு மகளைக் கூப்பிடாமலே செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு ஆலைக்குப் போனார்.

பின்னால் கிடந்த கறுப்புப் பெஞ்சு எப்போது சுருங்கியது என்று யாரும் கவனிக்கவில்லை. மங்கையர்க்கரசி பார்க்கும்போது பக்கச்சுவரில் இல்லை, பின்சுவரில் பெரும்பகுதி இல்லை. ஆனால் முழுதாகப் போகவும் இல்லை. மூலையில் ஒரு ஆள் உட்காரும் அளவு மீதி இருந்தது, தகரப் பட்டையும் இருந்தது. அதை ஒரு நிமிஷம் முறைத்துப் பார்த்தார். போகாது போலிருக்கிறது, என்று நினைத்தார். சரி, நானும் போகப்போவதில்லை.

அறுபது பேரும் உட்கார்ந்து தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். அறையில் அவர் ஒருவர் மட்டும் நின்றுகொண்டிருந்தார், நாற்காலி வராந்தாவில் இருந்தது, பாடம் பாதியில் இருந்தது. அவர் கரும்பலகைப் பக்கம் திரும்பி, விட்ட இடத்திலிருந்து எழுதத் தொடங்கினார்.